பாக்கெட் நோட்டில் இங்க் பேனா: தாள் ஏன் மையைக் குடிக்கிறது?

சட்டைப்பையில் கிடந்த சின்ன நோட்டை எடுத்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே 'கண்ணன், மண்ணடி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு போன் நம்பரையும் குறித்துக்கொண்டேன். இங்க் பேனாவால்தான். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் மூன்று சுழி 'ண'வுக்கும் இரண்டு சுழி 'ன'வுக்கும் வித்தியாசமே தெரியவில்லை; மிளகைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. நம்பரில் இருப்பது 6-ஆ 8-ஆ என்று கண்டுபிடிப்பதற்குள் சம்பந்தமில்லாத இரண்டு பேரைத் தொந்தரவு செய்தாயிற்று. தாளின் மறுபக்கத்தில் முந்தைய நாள் எழுதிய மளிகைப் பட்டியல். அதில் துவரம்பருப்புக்கும் வெல்லத்துக்கும் நடுவே கண்ணன் தலைகீழ் பிம்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

பேனாவைக் குறை சொல்ல முடியாது. அதே பேனா, அதே மை, வீட்டில் இருக்கும் கணக்கு நோட்டில் அச்சடித்த மாதிரி எழுதுகிறது. அப்போது குற்றவாளி தாள்தான். தாளில் அப்படி என்ன இருக்கிறது, அல்லது என்ன இல்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். 'இந்த நோட்டில் மை ஊறுகிறது' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிக் கோளாறுகள். எழுதிய கோட்டின் ஓரத்திலிருந்து மை சிறுசிறு வேர் விட்ட மாதிரி பக்கவாட்டில் ஓடுவது ஒன்று. இதைப் பிசிறு என்று வைத்துக்கொள்வோம். மை தாளுக்குள் இறங்கி மறுபக்கம் புள்ளி புள்ளியாக வெளியே வருவது இன்னொன்று. சில சமயம் அடுத்த தாளையும் கறையாக்கிவிடும். இது ஊறல். மூன்றாவதில் மை மறுபக்கத்தைத் தொடவே இல்லை, ஆனால் தாள் மெல்லியதாக இருப்பதால் எழுத்து நிழலாகத் தெரிகிறது. முதல் இரண்டும் மை செய்யும் வேலை. மூன்றாவது வெளிச்சம் செய்யும் வேலை, அவ்வளவுதான். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் கடையில் போய்க் கனமான தாளாகத் தேடி வாங்கி ஏமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

தமிழ் எழுதுகிறவர்களுக்குப் பிசிறு கொஞ்சம் கூடுதல் தொல்லை. ண, ஞ, ணை, ழு என்று நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். பாக்கெட் நோட்டில் இடத்தை மிச்சம் பிடிக்கப் பொடி எழுத்தாக எழுதுவோம். ஒரு சுழியின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கோடு இருபுறமும் கால் மில்லிமீட்டர் பரவினால் போதும், சுழி அடைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மனம் எது, மணம் எது என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

சரி, தாளுக்கு வருவோம். தாள் என்பது மரக்கூழிலிருந்தோ கரும்புச் சக்கையிலிருந்தோ எடுத்த நார்களைத் தண்ணீரில் கலக்கி, சல்லடையில் வடித்து, அழுத்தி, காய வைத்த ஒரு படலம். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உருப்பெருக்கியில் பார்த்தால் வைக்கோல்போர் மாதிரிதான் இருக்கும். நாருக்கும் நாருக்கும் நடுவே எண்ண முடியாத சந்துகள். இந்த நார்கள் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனவை. செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் உயிர். இங்க் பேனா மையோ பெரும்பகுதி தண்ணீர். அதில் சாயம் கரைந்திருக்கிறது.

அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. குறுகலான சந்தில் திரவம் தானாக ஏறிப் போகும். ஒன்றும் பூசாத வெறும் நார்த்தாளில் ஒரு சொட்டு மை விழுந்தால், ஒவ்வொரு நாரும் ஒரு திரியாகிவிடும். எந்த நார் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் மை ஓடும். அதனால்தான் பிசிறு வட்டமாகப் பரவாமல் வேர் மாதிரி, சிலந்திக் கால் மாதிரி பரவுகிறது. மை ஒற்றும் தாள் இப்படி வேண்டுமென்றே பூச்சு இல்லாமல் செய்யப்படுவது.

அப்படியென்றால் மற்ற தாளில் எப்படி எழுத முடிகிறது? கஞ்சி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. துவைத்து உலர்த்திய பழைய பருத்தி வேட்டியில் ஒரு சொட்டு காபி சிந்தினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உடனே உள்ளே போய்ப் பரவிவிடும். கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்ட வேட்டியில் அந்தச் சொட்டு ஒரு கணம் தயங்கி நிற்கும். சந்துகளைக் கஞ்சி அடைத்திருப்பதுதான் காரணம். தாளிலும் இதையேதான் செய்கிறார்கள். ஆலையில் தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரு பக்கமும் மாவுச்சத்துக் கரைசலைப் பூசிக் காயவைக்கிறார்கள். இதற்குப் பெயர் சைசிங். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் போனவர்கள் 'சைசிங் மில்' என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் இடம் அது. நூலுக்குப் போடுவது தறியில் உராய்ந்து அறாமல் இருக்க. தாளுக்குப் போடுவது மை ஓடாமல் இருக்க. நோக்கம் வேறு, பெயரும் பண்டமும் கிட்டத்தட்ட ஒன்று.

இது புதிய தந்திரமும் இல்லை. அரபு நாடுகளின் பழைய கைத்தாள்களில் மாவுக்கஞ்சிதான் பூசினார்கள். ஐரோப்பாவில் தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டினில் தாளை முக்கி எடுத்தார்கள். 1807-ல் இல்லிக் என்ற ஜெர்மானியர், மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடலாம் என்று எழுதினார். அதாவது வெளியே பூசுவதற்குப் பதிலாக உள்ளுக்குள்ளேயே தண்ணீர் ஒட்டாத குணத்தை ஏற்றுவது. இயந்திரத்தில் தாள் செய்வதற்கு அது வசதியாக இருந்தது. ஆனால் படிகாரம் தாளில் அமிலத்தை விட்டுவைத்தது. பழைய புத்தகங்கள் பழுத்துப் பொடிப்பொடியாக உதிர்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இப்போது அமிலம் சேராத வேறு ரசாயனங்கள் வந்துவிட்டன. இன்றைய எழுதும் தாளில் பெரும்பாலும் உள்ளே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு வேலையும் நடக்கிறது.

இதில் எது குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். மேல்பூச்சு குறைந்தால் மை மேற்பரப்பு நார் வழியே ஓடும், பிசிறு. உள்பூச்சு குறைந்தால் ஆழமாக இறங்கும், ஊறல். இரண்டும் சேர்ந்தே வருவதுதான் அதிகம் என்றாலும், எழுத்து சுத்தமாக இருந்து மறுபக்கம் மட்டும் புள்ளி விழும் நோட்டுகளும் உண்டு.

இப்போது ஜிஎஸ்எம் விஷயம். நோட்டின் அட்டையில் 70 ஜிஎஸ்எம், 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். பாக்கெட் நோட்டின் 9-க்கு 14 சென்டிமீட்டர் தாள் ஏறக்குறைய 1 கிராம். எடை, அவ்வளவே. அதில் கஞ்சி எவ்வளவு என்று அந்த எண் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

இதற்கு என் கண்ணில் படும் நல்ல சாட்சி இரண்டு நோட்டுகள். ஒன்று, 2007-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபீல்ட் நோட்ஸ். அந்த ஊரில் விதைக் கம்பெனிகள் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாக்கெட் நோட்டுகளைப் பார்த்து உருவானது. 48 பக்கம், மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். அதன் வழக்கமான பதிப்பில் இருக்கும் தாள் அமெரிக்கக் கணக்கில் 60 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 89 ஜிஎஸ்எம். நல்ல கனம்தான். பென்சிலுக்கும் பால்பாயின்டுக்கும் அருமையான தாள். ஆனால் ஈரமாக எழுதும் இங்க் பேனாவை அதில் வைக்க அனுபவப்பட்டவர்கள் தயங்குவார்கள். இன்னொன்று, ஜப்பானின் டோமோயே ரிவர் என்ற தாள். டோமோயேகாவா என்ற நிறுவனம் உருவாக்கியது, இப்போது சான்சென் என்ற நிறுவனம் தயாரிக்கிறது. வெறும் 52 ஜிஎஸ்எம். வெங்காயச் சருகு மாதிரி சலசலக்கும். ஆனால் அகலமான நிப்பால் மையைக் கொட்டி எழுதினாலும் மறுபக்கம் ஊறாது. நிழல் மட்டும் தாராளமாகத் தெரியும். நாளுக்கு ஒரு பக்கம் வீதம் வருஷம் முழுவதையும் கையடக்கமாகத் தைக்கும் ஹோபோனிச்சி டைரிகள் இந்தத் தாளை நம்பித்தான் அவ்வளவு ஒல்லியாக வருகின்றன.

89 ஊறுகிறது, 52 தாங்குகிறது. கனம் நிழலைத்தான் குறைக்கும். ஊறலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பிசிறை ஒன்றும் செய்யாது.

நடுவில் ஒரு வார்த்தை. கரும்புச் சக்கைத் தாள் இங்க் பேனாவுக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. கரூர் அருகே காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்தே வளர்ந்தது, அதனால் நம்மூரில் சக்கைத் தாள் ஒன்றும் அபூர்வமில்லை. சக்கை நார் மரநாரைவிடப் பொதுவாகக் குட்டையானது, தாள் கொஞ்சம் நெருக்கமாக அமையும் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் போதாது. மேலே கஞ்சி சரியாக ஏறியிருந்தால்தான் பலன். 'சக்கைத் தாள்' என்ற சொல்லை நம்பி வாங்காமல் எழுதிப் பார்த்து வாங்குவதே நல்லது.

இதுவரை படித்தவர்கள், 'அப்போது நன்றாகக் கஞ்சி போட்ட தாளாகப் பார்த்துப் பாக்கெட் நோட்டு வாங்கிவிட்டால் முடிந்தது' என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். மை காய்வதற்கு இரண்டு வழி: தாளுக்குள் இறங்குவது, காற்றில் ஆவியாவது. இறங்கும் வழியைக் கஞ்சி அடைத்துவிட்டால், ஆவியாக மட்டுமே காய வேண்டும். அதற்கு நேரம் ஆகும். மேஜையில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு அரை நிமிஷம் ஒன்றும் பெரிதில்லை. பாக்கெட் நோட்டு அப்படியா? ஒரு கையில் பை, ஒரு காதில் போன், பஸ் வருகிறது. எழுதிய அடுத்த விநாடி பட்டென்று மூடிப் பையில் போட வேண்டும். வழவழப்பான தாளில் அப்படி மூடினால் எதிர்ப்பக்கம் முழுக்க அச்சு விழும். பிரான்சின் ரோடியா பேடுகளில் வரும் 80 ஜிஎஸ்எம் தாளில் என் மீடியம் நிப் எழுதிய கோடு, விரலால் தேய்த்தால் இழுபடாமல் இருக்க இருபது விநாடிக்கு மேல் ஆகிறது. அழகான தாள், நிறம் பளிச்சென்று தெரியும், சுழிகள் கண் சிமிட்டும். ஆனால் பஸ் நிறுத்தத்துக்கு அது இல்லை.

ஆகவே மேஜை நோட்டுக்கு எது சிறந்த தாளோ, அதுவே பாக்கெட் நோட்டுக்குச் சிறந்தது என்று சொல்ல முடியாது. பாக்கெட் நோட்டுக்கு வேண்டியது நடுத்தரமாகக் கஞ்சி ஏறிய தாள்: மையை ஐந்தாறு விநாடியில் உள்வாங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஓடவிடக் கூடாது. இந்த நடுப்பாதை கிடைத்துவிட்டால் விலை உயர்ந்த நோட்டு எதற்கும் கை போகாது என்பது என் அபிப்பிராயம்.

பாக்கெட்டுக்கு என்றே இன்னும் ஒரு தொல்லை உண்டு. வெயில் காலத்தில் சட்டைப்பையில் நாள் முழுக்க இருக்கும் நோட்டு வியர்வையையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஈரம் ஏறிய தாளில் மை சுலபமாக ஓடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காலையில் ஒழுங்காக எழுதிய நோட்டே சாயங்காலம் பிசிறடிப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை ஊன்றிய இடத்தில் பிசுக்கு ஏறினால் நேர்மாறாக நடக்கும். மை ஒட்டாமல் எழுத்து விட்டுவிட்டு விழும். பக்கத்தின் கீழ்ப்பாதியில் பேனா திடீரென்று தகராறு செய்தால் நிப்பைத் திட்டுவதற்கு முன்னால் தாளைத் துடைத்துப் பாருங்கள்.

தாளை மாற்ற முடியாத இடத்தில் பேனாவையும் மையையும் மாற்றலாம். நிப் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைவாக மை இறங்கும். பைலட், பிளாட்டினம், செய்லர் போன்ற ஜப்பானிய நிப்களில் ஃபைன் என்றால் ஐரோப்பிய ஃபைனைவிட ஒரு படி மெல்லிசு. நம்மூர் இங்க் பேனாக்களில் நிப்பையும் அதற்கு அடியில் இருக்கும் கருப்புத் துண்டையும் சேர்த்து அழுத்திப் பொருத்துவதிலேயே மை வரத்து மாறும்; பழைய பேனாக் கடைக்காரர் யாராவது இரண்டு நிமிஷத்தில் அதைக் குறைத்துக் கொடுத்துவிடுவார்.

மையில் 'ஈரமானது', 'வறண்டது' என்று ஒரு பாகுபாடு உண்டு. எல்லா மையும் ஈரம்தான். ஆனால் சிலவற்றில் தாராளமாக ஓடுவதற்கென்று சோப்புத்தன்மையுள்ள பொருள் கூடுதலாகச் சேர்த்திருக்கும். சோப்புத் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கிலும் இறங்குவது மாதிரி, அந்த மை கஞ்சியைத் தாண்டியும் இறங்கிவிடும். பெலிக்கான் 4001 வரிசை வறண்ட பக்கம் என்று பெயர் எடுத்தது. அதன் ப்ளூ-பிளாக்கும், பிளாட்டினத்தின் ப்ளூ-பிளாக்கும் இரும்பு கலந்த மைகள். மட்டமான தாளில் இவை பிற மைகளைவிடக் கட்டுப்பாடாக நிற்கும். துவர்ப்புச் சாறும் இரும்பு உப்பும் சேர்ந்து கருப்பாகும் பழைய வேதியியல்தான் இது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தால் நமக்குக் கிடைக்கும் கருப்பும் அதே கதைதான். ஒரே எச்சரிக்கை, இந்த மையைப் பேனாவுக்குள் மாதக்கணக்கில் காயவிடக் கூடாது.

புது நோட்டை எப்படிச் சோதிப்பது? காகித ஆலைகளில் காப் சோதனை என்று ஒன்று செய்வார்கள்: தாளின் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தண்ணீரை நிறுத்தி, வழக்கமாக 60 விநாடி கழித்து ஒற்றி எடுத்து, தாள் எவ்வளவு எடை கூடியது என்று பார்ப்பது. வீட்டில் அதன் ஏழை உறவினர் போதும். கடைசித் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பாருங்கள். சொட்டு குமிழாகவே நின்றால் கஞ்சி பலம். மை காய நேரமாகும். வைத்த உடனே சப்பையாகி இருட்டுக் கறையாக இறங்கினால் அந்த நோட்டு பென்சிலுக்கு. மெதுவாகத் தளர்ந்து, நிமிஷம் முடியும்போது லேசாக இறங்கியிருந்தால் பாக்கெட்டுக்கு ஏற்றது.

அப்புறம் பேனா. நிப்பைத் தாளில் அசையாமல் ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு விநாடி என்று நிறுத்திப் புள்ளிகள் வையுங்கள். மை பரவும் தூரம் நேரத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. நான்கு மடங்கு நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்தான் போகும். வாஷ்பர்ன் என்ற அமெரிக்கர் 1921-ல் இதற்குச் சூத்திரம் எழுதினார். தாளைத் திருப்பி எத்தனையாவது புள்ளி ஊறியிருக்கிறது என்று பாருங்கள். நான்கு விநாடிப் புள்ளி தாண்டியும் மறுபக்கம் சுத்தமாக இருந்தால், யோசித்து யோசித்து எழுதுகிறவருக்கும் அந்த நோட்டு சரிப்படும். வரியின் முடிவில், அடுத்த சொல்லுக்காக நிப்பை ஊன்றியபடி யோசிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு; ஊறல் பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

பிறகு 'கண்ணன் மண்ணெண்ணெய்' என்று உங்கள் வழக்கமான அளவில் எழுதி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. தாளின் இரண்டு பக்கத்திலும் எழுதிப் பார்க்க மறக்காதீர்கள். ஆலையில் ஒரு பக்கம் சல்லடைமேல் கிடந்து உருவாவதால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது என் பையில் இருப்பது ஆண்டர்சன் தெருவில் வாங்கிய உள்ளூர் நோட்டு, ஜப்பானிய ஃபைன் நிப், சாதாரண ராயல் ப்ளூ. நோட்டின் நடுவில் விரல் அகலத்துக்கு வெட்டிய மை ஒற்றும் தாள் ஒரு துண்டு. எழுதிய வரியின் மேல் வைத்து மூடிவிடுவேன். அது கிடைக்கவில்லையென்றால் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் வடிதாள் அதே வேலையைச் செய்யும். பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரி சாக்பீஸை உருட்டுவதும் வேலைக்கு ஆகும்தான், ஆனால் அந்தப் பொடி நோட்டின் மடிப்பில் தங்கி, அடுத்த முறை எழுதும்போது நிப்பின் பிளவில் போய் உட்கார்ந்துகொள்கிறது.